கல்லில் கட்டாத படிகள்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்துக்கு 11 நிலை, 217 அடி உயரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சையின் சேவப்ப நாயக்கர் முடித்த வேலை அது. இதுபோன்ற பழங்கோயில்களில் வாசல்தோறும் குறுக்கே ஒரு கருங்கல் படி கிடக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தப் படி ஒரு நிஜமான பிரச்சினை. அதைப் பெயர்க்க முடியாது, பெயர்க்கவும் கூடாது. சாய்தளம் போட்டால் எங்கே போடுவது, எவ்வளவு சாய்வு என்று ஸ்தபதி முதல் தொல்லியல் அறிஞர் வரை பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் இன்று அண்ணாமலையாரைப் பார்க்கக் கிளம்புகிறவர் முதலில் வந்து நிற்கும் வாசல் ராஜகோபுரம் அல்ல. ரயில் டிக்கெட், தங்கும் அறை, பௌர்ணமி கிரிவலத்துக்கு உகந்த நேரம், சிறப்பு பஸ் விவரம் எல்லாம் கைபேசித் திரையில்தான் கிடைக்கின்றன. கார்த்திகை தீபத்தன்று பரணி தீபத்தையும் மகா தீபத்தையும் கோயிலுக்குள் இருந்து பார்ப்பதற்கான கட்டணச் சீட்டுகள், எண்ணிக்கை வரையறுக்கப்பட்டு, அண்மை ஆண்டுகளில் இணையத்தில் விற்கப்படுகின்றன. அந்தத் திரை வாசலிலும் படிகள் இருக்கின்றன. கல்லில் கட்டியவை அல்ல. யாரோ ஒருவர் கணினி முன் உட்கார்ந்து, பெரும்பாலும் தெரியாமலேயே, கட்டியவை. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: மாற்றுத்திறனாளிகளுக்காக இணையதளத்தில் புதிதாக எதையும் ‘சேர்க்க’ வேண்டிய தேவை மிகக் குறைவு, ஏற்கெனவே திறந்திருந்த வாசலை அடைக்காமல் விட்டாலே பெரும்பாதி வேலை முடிந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள, வலைப்பக்கம் என்பது என்ன என்று ஒரு நிமிடம் உள்ளே புகுந்து பார்க்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரிவது ஓவியம் மாதிரி ஒரு பரப்பு. ஆனால் சர்வரிலிருந்து வந்து சேர்வது ஓவியம் அல்ல, எழுத்து. ‘இது தலைப்பு’, ‘இது பத்தி’, ‘இது இணைப்பு’, ‘இது பெயர் எழுதும் பெட்டி’ என்று குறியிடப்பட்ட எழுத்து. எச்டிஎம்எல் என்பது அந்தக் குறியீட்டு முறைதான். அதை வாங்கிப் படமாக வரைவது பிரவுசரின் வேலை. அதே எழுத்தை வாங்கிக் குரலாகப் பேச இன்னொரு மென்பொருளால் முடியும். பிரெயில் புள்ளிகளாக விரலுக்குக் கீழே எழுப்ப மற்றொரு கருவியால் முடியும். ஸ்கிரீன் ரீடர் எனப்படும் குரல் மென்பொருள் இப்படித்தான் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இன்றும் இலவசம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று இந்த வசதி கூடவே வருகிறது. இவற்றைப் பயன்படுத்துபவர் பக்கத்தை மேலிருந்து கீழாக முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நாம் கண்ணை ஓட்டுவதுபோல அவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் அமைப்பு நடத்திவரும் கருத்தாய்வுகளில், நீண்ட பக்கத்தில் ஒரு தகவலைத் தேடத் தலைப்புகளைத்தான் முதலில் பிடிப்போம் என்று பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் சொல்கிறார்கள். வடிவமைப்பாளர் தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல் வெறும் பெரிய, தடித்த எழுத்தாகப் போட்டுவிட்டால், கண்ணுக்கு அது தலைப்பு. காதுக்கு அது இன்னொரு பத்தி. எதுவும் குறைந்ததாகப் பார்ப்பவருக்குத் தெரியாது.

திருவண்ணாமலையிலிருந்தே ஓர் உதாரணம். மாதாமாதம் பௌர்ணமி கிரிவலத்துக்கு உகந்த நேரத்தைக் கோயில் நிர்வாகம் அறிவிக்கிறது: இன்ன நாள் இத்தனை மணிக்குத் தொடங்கி, மறுநாள் இத்தனை மணிக்கு முடிகிறது. இரண்டே வரிச் செய்தி. அது ஊர் ஊராக வாட்ஸ்ஆப்பிலும் முகநூலிலும் இணையப் பக்கங்களிலும் சுற்றும்போது என்ன வடிவத்தில் சுற்றுகிறது என்று கவனியுங்கள். மலையும் நிலவும் பின்னணியில், மஞ்சள் எழுத்தில், பூ வேலைப்பாடுள்ள ஒரு படம். எழுத்தாக அனுப்பியிருந்தால் ஓர் எஸ்எம்எஸ் அளவுகூட வராது. அதை நூறு மடங்கு கனமுள்ள படமாக்கி அனுப்புகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்து ஸ்கிரீன் ரீடருக்கு எழுத்தே அல்ல, வண்ணப் புள்ளிகள். ‘படம்’ என்று ஒரு சொல், இல்லாவிட்டால் கோப்பின் பெயரில் இருக்கும் எண்களின் வரிசை. அவ்வளவுதான் காதில் விழும். படமே போடக் கூடாது என்பதல்ல. படத்துக்கு மாற்று உரை என்று ஓர் இடம் எச்டிஎம்எல்லிலேயே இருக்கிறது. அதில் அந்த இரண்டு வரியை எழுதினால் போதும். ‘அண்ணாமலையார் மலை, முழு நிலவு’ என்று வர்ணித்தால் போதாது. இந்தப் படத்தை எதற்காகப் போட்டோமோ அந்தச் செய்தி, அதாவது நாளும் நேரமும், அங்கே இருக்க வேண்டும். வெறும் அலங்காரமாகப் போட்ட பூ வரிசைக்கு மாற்று உரையைக் காலியாக விடுவதுதான் சரி. ஒவ்வொரு பூவையும் ஸ்கிரீன் ரீடர் அறிவித்துக்கொண்டிருந்தால் கேட்பவர் நொந்துபோவார்.

தமிழுக்கென்று தனியான ஒரு படியும் உண்டு. இதை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரிதாகச் சொல்வதில்லை. யூனிகோட் பரவலாவதற்கு முன்பு தமிழ்க் கணினிகள் ஒரு தந்திரம் செய்தன: ஆங்கில எழுத்துகளின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்துருவில் மட்டும் அந்த இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்துவிட்டன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண் ஏமாந்துவிடும், எழுத்தின் எண்ணைப் படிக்கும் மென்பொருள் ஏமாறாது. அது ‘ஜே கே பி ஓ’ என்றே படிக்கும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களை ஒட்டி, யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. அதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட சுற்றறிக்கைகள், பட்டியல்கள் போகட்டும். அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டிப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றும் பழக்கம் அலுவலகங்களில் விட்டபாடில்லை. இன்னும் மோசமானது, தட்டச்சிட்டு, அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, அதை ஸ்கேன் செய்து ஏற்றுவது. எழுத்தாகப் பிறந்தது காகிதமாகிப் படமாகித் திரும்புகிறது. இதில் இழப்பு பார்வையற்றவருக்கு மட்டுமல்ல. அந்த ஆவணத்தில் கூகுளாலும் எதையும் நம்பகமாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இனி டிக்கெட் படிவத்துக்கு வருவோம். குறிப்பிட்ட எந்தத் தளத்தையும் தணிக்கை செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; நாட்டிலுள்ள முன்பதிவுப் படிவங்கள் பலவற்றுக்குப் பொருந்துகிற சித்திரம் இது. தமிழ்ப் பக்கம் திறக்கிறது. ஆனால் பக்கத்தின் தலையில் மொழி ஆங்கிலம் என்று எழுதியிருக்கிறது. வார்ப்புருவை இறக்கியவர் அதை மாற்றவில்லை. ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலைத் தேர்ந்தெடுத்து, தமிழை உளறுகிறது, அல்லது மௌனமாகத் தாண்டிப் போகிறது. இரண்டே எழுத்தைத் திருத்தினால் சரியாகிவிடும் குறை இது. அடுத்து, பெயர் எழுதும் பெட்டி. பெட்டிக்கு மேலே ‘பெயர்’ என்று இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கும் பெட்டிக்கும் உறவு குறிக்கப்படவில்லை. எனவே காதில் விழுவது ‘எழுதும் பெட்டி, காலி’. அடுத்ததும் ‘எழுதும் பெட்டி, காலி’. ஆறு பெட்டிகளில் எது ஆதார் எண், எது கைபேசி எண்? தேதியைத் தேர்ந்தெடுக்கக் காலண்டர் ஒன்று விரிகிறது. அது மவுஸுக்கு மட்டுமே பணியும். கை நடுக்கம் உள்ளவர், விசைப்பலகையை மட்டும் நம்புகிறவர், வாயில் கவ்விய குச்சியால் தட்டுகிறவர் எல்லாரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒருவழியாகப் பூர்த்தி செய்து அனுப்பினால், தவறு உள்ள பெட்டி சிவப்பாகிறது. ஏன் சிவப்பானது என்று எழுத்தில் எதுவும் இல்லை. பச்சை, சிவப்பு வேறுபாடு தெரியாத நிறக்குறை உள்ளவருக்கும் அது புதிர்தான். இத்தனைக்கும் மேல் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே ருசியைத் தாண்டி ஒரு கணக்கு இருக்கிறது. வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் வெளியிடும் அணுகல் வழிகாட்டி (முதல் பதிப்பு 1999, இரண்டாவது 2008, இப்போது நடப்பில் உள்ள 2.2 பதிப்பு 2023 அக்டோபர்) எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு விகிதம் கேட்கிறது. இந்த 4.5 வானத்திலிருந்து விழவில்லை. சாதாரணப் பார்வைக்கு 3-க்கு 1 போதும் என்று பழைய தரங்கள் சொல்லின. வயது ஏற ஏற ஒளி வேறுபாட்டை உணரும் திறன் குறைகிறது. ஏறக்குறைய 80 வயதுக்காரரின் வழக்கமான பார்வையை ஈடுகட்ட அதை ஒன்றரை மடங்காக்கினார்கள். வெண்மையின் ஒளிர்வை 1 என்றும் கருமையை 0 என்றும் வைத்துக்கொண்டால், திரையின் தூய சிவப்புக்கு 0.2126, தூய மஞ்சளுக்கு 0.9278. இரண்டுடனும் 0.05-ஐக் கூட்டி (திரையில் படும் சுற்றுப்புற வெளிச்சத்துக்கான கழிவு அது) வகுத்தால் 3.7 வருகிறது. அதாவது, பக்தித் தளங்களில் எங்கும் பார்க்கும் மஞ்சள், பளீர்ச் சிவப்பு ஜோடி தேர்வில் தோற்றுவிடுகிறது. ‘அழகைக் கெடுத்துவிடுவீர்கள், எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளை ஆக்கச் சொல்வீர்கள்’ என்ற பயம் வடிவமைப்பாளர்களுக்கு உண்டு. தேவையில்லை. மஞ்சளை அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பை அடர்ந்த குங்கும நிறத்துக்கு இறக்குங்கள். விகிதம் 10-ஐத் தாண்டிவிடும். கோயில் களை கொஞ்சமும் போகாது. இவ்வளவு எளிய விஷயத்தில்தான் உலகமே தவறுகிறது: வெப்எய்ம் 2025-இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 94.8 சதவீதத்தில் கண்டறியக்கூடிய பிழைகள் இருந்தன. மங்கலான எழுத்து மட்டும் 79 சதவீதத்தில்.

‘இவ்வளவும் எத்தனை பேருக்காக?’ என்று ஒரு கேள்வி வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், மக்கள்தொகையில் 2.21 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு இது சிறுபான்மைப் பிரச்சினை என்று சொல்லிவிடலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்கிறார் என்கிறது. இந்தியர்களின் உடம்பு மட்டும் உலோகத்தால் ஆனதா என்ன? வாசலில் வந்து ‘வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா’ என்று கேட்டால் கண்புரை வந்த பாட்டியையோ, காது மந்தமான தாத்தாவையோ, பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையை மட்டும் நம்பும் அப்பாவையோ யாரும் சொல்வதில்லை, அதுதான் வித்தியாசம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, கோயில் தளத்தைத் திறப்பவர்களில் முதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தவிர, எண்ணிக்கை வாதத்திலேயே ஒரு வளையம் இருக்கிறது. படிவம் அவர்களை உள்ளே விடவில்லை. ஆகவே பதிவேட்டில் அவர்கள் இல்லை. பதிவேட்டில் இல்லை என்பதால் தேவையும் இல்லை!

இதைவிட நயமான மறுப்பு ஒன்று உண்டு, நம் ஊரில் அதுதான் அதிகம்: ‘அவங்க தனியாவா வரப்போறாங்க? வீட்டுல யாராவது புக் பண்ணிக் குடுப்பாங்க. இல்லேன்னா இ-சேவை மையம் இருக்கு.’ இதில் கரிசனமும் இருக்கிறது, அதைக் குறைசொல்ல வேண்டாம். ஆனால் பதிவு செய்ய என்னென்ன கேட்கப்படுகிறது என்று பாருங்கள்: ஆதார் எண், கைபேசிக்கு வரும் ஓடிபி, வங்கி அட்டையின் எண், யுபிஐ ரகசிய எண். ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வங்கி தினமும் எச்சரிக்கிறது. பார்வையற்றவரிடம் மட்டும் ‘பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்’ என்கிறோம். வீட்டார் உதவி என்பதும் எப்போதும் கிடைப்பதல்ல. கேட்கும்போதெல்லாம் செய்துகொடுக்கும் மகன், பத்தாவது முறை ‘அப்புறம் பார்க்கலாம்பா’ என்பான். எத்தனையோ பயணங்கள் அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லோடு முடிந்துவிடுகின்றன.

செலவு? இதற்குப் பதில் சொல்ல 2000-ஆம் ஆண்டு சிட்னிக்குப் போக வேண்டும். திருவிழா மாதிரியேதான்: குறிப்பிட்ட நாள், பெருங்கூட்டம், ஒருமுறைக்கான இணையதளம். புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் ஒலிம்பிக் தளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று 1999 ஜூனில் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: படங்களுக்கு மாற்று உரை, விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி, முடிவு அட்டவணைகள் புரியும்படி இருத்தல். அமைப்புக் குழு, இதற்கு 21 லட்சத்து 80 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும், ஓர் ஆண்டு வேலை என்று வாதாடியது. ஆணையம் ஏற்கவில்லை, 2000 ஆகஸ்ட் 24-ஆம் தேதி பாகுபாடு நடந்தது என்றே தீர்ப்பு வந்தது. குழு முழுமையாகத் திருத்தவில்லை என்பதால் கடைசியில் 20,000 டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. இதில் கற்க வேண்டியது தொகையை அல்ல. கட்டிமுடித்த பிறகு இடித்துக் கட்டும் செலவைத்தான் அணுகல் வசதியின் செலவு என்று எல்லாரும் காட்டுகிறார்கள். படிவம் எழுதும்போதே பெட்டிக்கும் பெயருக்கும் முடிச்சுப் போடுவதற்கு ஆகும் செலவு, அதைத் தட்டும் சில விநாடிகள்.

கொஞ்சம் வலுவான எதிர்வாதம் கேப்ட்சாவும் கால வரையறையும். சில நூறு சீட்டுகளுக்குப் பல்லாயிரம் பேர் போட்டி. புரோக்கர்கள் நிரல் எழுதி அள்ளிவிடுவார்கள். வளைந்த எழுத்துப் புதிரும் ஐந்து நிமிடக் கடிகாரமும் இல்லாமல் எப்படி? நியாயமான கேள்விதான். முன்பு சொன்ன அணுகல் வழிகாட்டியும் இதை மறுக்கவில்லை: கால வரையறை வைக்கலாம், ஆனால் முடியப்போகிறது என்று எச்சரித்து, ஒரு விசையைத் தட்டி நீட்டிக்க வாய்ப்பு கொடு என்கிறது, ஏலம்போல அந்த நொடியிலேயே நடக்கும் நிகழ்வுகளுக்கு விலக்கும் தருகிறது. கேப்ட்சாவின் நிலைமை இன்னும் வேடிக்கை. இன்றைய இயந்திரங்கள் அந்தப் புதிரை மனிதரைவிட நன்றாக அவிழ்க்கின்றன. எனவே அது தடுத்துநிறுத்துவது பெரும்பாலும் மனிதரைத்தான். ஓடிபியும் ஆதாரும் கேட்ட பிறகு அது எதற்கு? ஆனால் எனக்குப் படுவது, குறை புதிரில் மட்டும் இல்லை, ஓட்டப்பந்தயத்தில் இருக்கிறது. முதலில் தட்டியவருக்குச் சீட்டு என்று வைத்தால், காதால் கேட்டுத் தட்டுகிறவரும் நடுங்கும் விரலால் தட்டுகிறவரும் தளம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தோற்பார்கள். இரண்டு நாள் பதிவைத் திறந்துவைத்து, பிறகு கணினிக் குலுக்கல் நடத்தினால் வேகம் தகுதியாக இருக்காது. சர்வரும் மூச்சுத் திணறாது, புரோக்கருக்கும் ஆதாயம் குறையும்.

சட்டம் இதையெல்லாம் ஏற்கெனவே கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்பத்தில் அணுகல் வசதியை வெளிப்படையாகவே சொல்கிறது. சிக்கல் அதன் விதிகளில் இருந்தது. 2017 விதிகளின் 15-ஆவது விதி பல வழிகாட்டிகளைச் சுட்டிக்காட்டியதே தவிர, எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரிக்கவில்லை. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த விதி சட்டத்தின் நோக்கத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களைத் தனியே வகுக்க மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பிரக்யா பிரசூன் உள்ளிட்டோர், வங்கிக் கணக்குக்கான அடையாளச் சரிபார்ப்பில் ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேட்கும் செயலியை எப்படிக் கடப்பது என்று கேட்டிருந்தார்கள். நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்றது. 20 உத்தரவுகளும் இட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது, 2021 ஜூனில், தமிழ்நாட்டின் கோயில்களையும் சிலைகளையும் காக்க 75 உத்தரவுகள் பிறப்பித்த அமர்வில் இருந்தவரும் இதே மகாதேவன்தான்.

தீர்ப்பு வந்ததும் நிறுவனங்கள் ஓடுவது குறுக்குவழிக்கு. பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படத்துடன் ஒரு பட்டன். அதைத் தட்டினால் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் பட்டியல் விரியும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லா பிரவுசரிலும் உண்டு. தேவைப்படுகிறவர் அதை எப்போதோ கற்றுவைத்திருக்கிறார். பெயரில்லாத பெட்டிக்கு அந்தப் பட்டன் பெயர் வைக்காது. ஒரு வரி நிரலில் தளம் முழுவதையும் சரிசெய்வோம் என்று விளம்பரம் செய்த ஆக்சசிபி நிறுவனத்துக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-இல் பத்து லட்சம் டாலர் அபராதம் விதித்தது. செயற்கை நுண்ணறிவை நம்பலாம் என்பது புதிய வாதம். படத்தைப் பார்த்து அதில் உள்ளதைச் சொல்லும் கருவிகள் வந்திருக்கின்றன. பார்வையற்றவர்கள் அவற்றை ஆர்வமாகப் பயன்படுத்துகிறார்கள், அது நல்லதே. ஆனால் பௌர்ணமிப் படத்தைப் பார்த்து இயந்திரம் சொல்வது ஊகம். வெளியிட்டவர் எழுதுவது தகவல். அலங்கார எழுத்தில் இருக்கும் 3-ஐ 8 என்று அது வாசித்துவிட்டால், கேட்பவருக்குச் சரிபார்க்க வேறு வழி கிடையாது. வெளியிடுபவர் கையில் அந்த இரண்டு வரியும் எழுத்தாகவே இருக்கும்போது எதற்காக இன்னொருவர் ஊகிக்க வேண்டும்?

ஆகவே திருத்தம் தொடங்க வேண்டிய இடம் டெண்டர் ஆவணம். தளம் செய்துதரும் நிறுவனத்திடம் ‘மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அதை அளக்க முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802-ஐயோ, அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பையோ பெயர் சொல்லி எழுதினால் அளக்கலாம். தானியங்கிச் சோதனைக் கருவி ஒரு பகுதியைத்தான் பிடிக்கும்: மாற்று உரை இருக்கிறதா என்று அதற்குத் தெரியும், அந்த உரை சரியா என்று தெரியாது. மீதிக்கு ஆள் வேண்டும். மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையால் மட்டும் படிவத்தின் கடைசிவரை போக முடிகிறதா என்று பார்க்கக் கோயில் அலுவலக ஊழியர் ஒருவரே போதும். அதன்பின், தமிழ்க் குரலில் ஸ்கிரீன் ரீடரைத் தினமும் பயன்படுத்தும் ஒருவரை, இலவசமாக அல்ல, கூலி கொடுத்து அழைத்து, ஒரு சீட்டைத் தொடக்கத்திலிருந்து பணம் கட்டும்வரை பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அவர் எந்தப் பெட்டியில் நின்றார் என்று குறித்துக்கொண்டு, அது சரியாகும்வரை நிறுவனத்தின் கடைசித் தவணையை நிறுத்திவைக்கலாம்.